பேரனர்த்தமும் அரசின் அறமும்: கிண்ணியாவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

இயற்கையினால் விளையும் கேட்டிற்கு எவரேனும் பொறுப்பாளராதல் கூடுமா என்பது ஒழுக்கவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களுள் ஒன்று. புயலும் பூகம்பமும் கடல்கோளும் எண்ணித் துணிந்து செயற்படுவனவல்ல. எண்ணித் துணியாத ஒன்றின்மேற் குற்றஞ்சாட்டுதல் பொருளற்றது. ஆகவே அவற்றால் மாண்டோரின் மரணம் துயரமாகுமேயன்றி அநீதியாகாது என்பர் ஒருசாரார். கேட்பதற்கு இது நேரிய வாதமாகவே தோன்றும். ஆயின், 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி காலை கிண்ணியாவில் நிகழ்ந்ததை நேர நிரலில் வைத்து நோக்குவார்க்கு இவ்வாதத்தின் ஓரிடம் உறுத்தாமற் போகாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை நாளுங்கூட. இலங்கை நேரப்படி காலை 6.58 மணியளவிற் சுமாத்திராவின் கரைக்கப்பால் கடலடித் தரை பெயர்ந்தது. சில நிமிடங்களுள், கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் கருவி அவ்வதிர்வைப் பதிவு செய்தது. ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அவ்வறிக்கை பசிபிக் சமுத்திரத்து நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்தில் அவ்வாறான எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்பொழுது இருக்கவில்லை. யாரிடம் அறிவிப்பது என்ற ஒழுங்குதானும் இருக்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையை முதல் அலை தொட்டபோது நிலம் அதிர்ந்து ஒன்றரை மணி நேரமளவு கழிந்திருந்தது.

கிண்ணியாவின் நில அமைப்பை அறிந்தார்க்கு ஒன்றரை மணி நேரத்தின் பெறுமதி விளங்கும். திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் அணைந்து கிடக்கும் தாழ்நிலம் அது. கரையோரத்தில் மீனவர் குடியிருப்புகள். உள்ளே செல்லச் செல்ல வயல்களும் மேட்டுக்காணிகளும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், கிண்ணியாப் பிரதேசத்தில் வாழ்ந்தனர். ஒரு மூதாட்டி தன் பேரப்பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு, இடையிடையே இருந்து இளைப்பாறி நடந்திருப்பினும், ஒன்றரை மணி நேரத்தில் அலை எட்டாத இடத்தை அடைந்திருப்பாள். அவளிடம் எவரும் எதையும் கூறவில்லை. கிண்ணியாவின் அரசாங்க வைத்தியசாலை, நோயாளர் உள்ளிருக்கவே, அலைக்கு இரையாயிற்று. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோரும் முப்பத்தையாயிரத்தைத் தாண்டினர்.

அலை இயற்கையின் செயல், ஐயமில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்து மௌனமும் இயற்கையின் செயல்தானா என்பதே கேள்வி.

இம்மௌனத்திற்குக் குற்றவாளி ஒருவரைத் தேடுவார் ஏமாற்றமே அடைவர். பல்லேகலைக் கருவியைக் கண்காணித்தோர் அதிர்வை அறிந்தனர். சுமாத்திராவில் எழுந்த அலை இத்தீவை வந்தடையும் என்று அவர்கள் கருதவில்லை. அறியாதவன்மேற் பழியில்லை. ஹவாயிலிருந்தோர் அபாயத்தை ஓரளவு ஊகித்தனர். அவர்களிடம் தொலைபேசி எண் இல்லை. இயலாதவன்மேலும் பழியில்லை. செய்யவேண்டும் என்ற விதிக்குச் செய்ய இயலும் என்பது முற்கோளாகும் என ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் வகுத்த நெறியும் இதனையே கூறும். ஆக, ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி விசாரித்தால் எல்லாருமே விடுதலையாவர். மாண்டவர்கள் மட்டும் மாண்டவராகவே கிடப்பர். இத்தகைய ஒரு முடிவு அறிவுக்கு ஒத்ததாயினும் மனம் இதனை ஏற்க மறுக்கின்றது. மனத்தின் இம்மறுப்பு வெறும் உணர்ச்சியா, அல்லது அதற்குள் ஒரு நியாயம் உண்டா?

நியாயம் உண்டு என்பதற்கு அரிஸ்டோட்டில் ஒரு சான்று தருகின்றார். மது மயக்கத்திற் குற்றமிழைத்தவன், தான் செய்தது இன்னதென அறியாதிருந்தான் என்று முறையிட்டால் அவனை விட்டுவிடலாமா? கூடாது, அக்காலத்தில் அத்தகையோர்க்கு இரட்டைத் தண்டம் விதிக்கப்பட்டதுண்டு என்கிறார் அவர். செய்தபோது அவன் அறியாதவனே. ஆயினும் அறியாநிலைக்குத் தன்னை உள்ளாக்கிக்கொண்டவனும் அவனே. குடியாதிருக்க அவனால் முடிந்திருந்தது. அறியாமையும் இயலாமையும் பழியை நீக்கும் என்பது உண்மை; அவை தாமே தேடிக்கொண்டவையாக இருக்குமிடத்து அவ்வுண்மை செல்லாது. அரசின்மேல் இந்நெறியைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். டிசெம்பர் 26 ஆம் திகதி காலை எந்த உத்தியோகத்தராலும் ஒன்றும் செய்திருக்க இயலாது என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆயின் அந்த இயலாமை அன்று காலையிற் பிறந்ததன்று. அதற்கு முந்திய பல ஆண்டுகளில், செய்தியைப் பெறுதல் இன்னாரின் கடமை, தீர்மானித்தல் இன்னாரின் கடமை, வீட்டு வாசலிற் போய்த் தட்டுதல் இன்னாரின் கடமை என்று எவரும் குறிக்கப்படாமையினால் வளர்ந்தது அது. கடமை குறிக்கப்படாத இடத்திற் கடமை தவறியவனும் இல்லாதொழிகின்றான்.

அனர்த்தத்தை எதிர்கொள்ள ஓர் அரசு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளுதல் என்பதன் அறப்பொருள் இவ்விடத்திற்றான் தெளிவாகின்றது. கோபுரங்களும் கருவிகளும் களஞ்சியங்களும் வேண்டியவையே. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது, விடைகூறக் கடமைப்பட்டவரை முன்கூட்டியே குறித்தல். பழிக்கு ஓர் ஆளைத் தேடிவைத்தல் என இதனைக் கொச்சைப்படுத்தக் கூடாது. பொறுப்பாளி என்பவர் ஏனையோர் உறங்கும்போது விழித்திருக்கக் கடமைப்பட்டவர். அவர் விழித்திருப்பதனால் ஏனையோர் உறங்கலாம்.

ஆட்சியாளரிடம் விடை கேட்கும் வழக்கம் புதியதன்று. மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைச் சோழமன்னன் இந்திரவிழாவை மறந்தமையோடு தொடர்புபடுத்துகின்றது. மகாவம்சத்திலோ, களனித் தீசன் குற்றமற்ற பிக்கு ஒருவரைக் கொல்வித்தமையாற் கடல் பொங்கியது. மன்னனின் பிழைக்கு ஈடாக அவன் மகள் கடலில் விடப்பட்டாள். இரு மொழியாரின் இரு கதைகள். சமயப் பின்னணி பௌத்தம். இரண்டிலும் கடல் ஏன் பொங்கியது என்பதற்குக் கூறப்படும் காரணம் இன்றைய புவியியலார் ஏற்கக்கூடியதன்று. எனினும் இரண்டுமே கடல்கோளின் பின் நோக்கிய திசை அரசனின் வாயிலையே. காரணத்தைப் பிழையாகக் கண்டவர்கள் கேட்கவேண்டிய ஆளைச் சரியாகக் கண்டிருந்தனர் போலும்.

ஐரோப்பாவில் 1755 ஆம் ஆண்டின் லிஸ்பன் பூகம்பம் இதே வினாவை எழுப்பிற்று. நல்ல இறைவன் படைத்த உலகில் இத்தகைய அழிவு எவ்வாறு நேரலாம் என்று வோல்ட்டயர் மனம் வெதும்பிப் பாடினார். அடுத்த ஆண்டில் அவருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ வேறொரு பக்கத்தைச் சுட்டினார்: ஆறும் ஏழும் மாடிகளாக இருபதினாயிரம் வீடுகளை அங்கு நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று என்பது அவர் வாதம். அவர்கள் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருக்கையில், போர்த்துக்கல்லின் அமைச்சர் பொம்பால் ஒவ்வொரு கோயிற்பற்றுக்கும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பினார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் எப்படி நடந்துகொண்டது, எத்தனை பேர் இறந்தனர் என்றெல்லாம் அது வினாவியது. அவ்வூர் மெய்யியலுக்குத் தந்த கொடைகளுள் இப்பட்டியலையும் சேர்க்கலாம். இறைவனிடம் கேட்ட கேள்விகளை நிறுத்திவிட்டு ஓர் அரசு தன் உத்தியோகத்தரிடம் கேள்வி கேட்கத் தொடங்கியதற்கு அது சான்று.

இலங்கையைப் பொறுத்தவரை, 2004 க்கு முன்னர் எச்சரிக்கை எதுவும் கிட்டவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1964 டிசெம்பர் 22 ஆம் திகதிச் சூறாவளி திருகோணமலையைத் தாக்கிய பின்னரே இராமேசுவரத் தீவுக்குச் சென்று தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. தொள்ளாயிரம் பேரளவில் உயிரிழந்தனர். ஒவ்வொரு முறையும் அரசு வந்தது. ஆனால் பின்னர் வந்தது. அரிசி வந்தது, தகரம் வந்தது, அமைச்சர்கள் வந்தனர். 1996 ஆம் ஆண்டில் தேசிய அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைக்கப்பட்டபோது அது சமூக சேவைகள் அமைச்சின் கீழேயே வைக்கப்பட்டது. முதியோருக்கும் அநாதைகளுக்கும் உதவிப்பணம் வழங்கும் அமைச்சு அது. அனர்த்தம் என்பது நேர்ந்தபின் இரங்கவேண்டிய ஒன்று என்னும் அரசின் எண்ணம் இந்த இடவமைப்பிலேயே வெளிப்பட்டது.

நிவாரணம் இழிவானதென்று கூறுதல் இங்கு கருத்தன்று. பசித்தவனுக்குச் சோறு உடனே வேண்டும். அறவாராய்ச்சி பிறகு ஆகலாம். அலைக்குப் பிந்திய நாட்களிற் கிண்ணியாவுக்கு உலர் உணவும் கூடாரமும் கொண்டுவந்தோர் செய்தது பேருதவி. எனினும் நிவாரணத்துக்கும் முன்னாயத்தத்துக்கும் இடையேயுள்ள ஒழுக்க வேறுபாடு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நிவாரணம் கொடுப்பவனை உயர்த்திப் பெறுபவனைத் தாழ்த்துகின்றது. அது கண்ணுக்குத் தெரிவது, அதற்கு நன்றி கிட்டும், படம் எடுக்கலாம், தேர்தலில் நினைவூட்டலாம். முன்னாயத்தம் வெற்றி பெற்றாற் காட்டுவதற்கு ஒன்றுமே இராது. மூதாட்டி பேரப்பிள்ளையோடு மேட்டுநிலம் போய் மாலையில் வீடு திரும்பி, காரணமின்றி அலைக்கழித்தார்களே என்று முணுமுணுப்பாள், அவ்வளவுதான். ஐக்கிய அமெரிக்காவின் தேர்தல்களை ஆராய்ந்து ஹீலி, மல்ஹோத்ரா என்னும் இருவர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இலக்கமுறைச் சான்று தருகின்றது. நிவாரணத்துக்குச் செலவிட்ட அரசுக்கு வாக்காளர் வாக்களித்துப் பாராட்டினர். முன்னாயத்தத்துக்குச் செலவிட்ட அரசைக் கண்டுகொள்ளவில்லை. முன்னாயத்தத்திற் செலவிட்ட ஒவ்வொரு டொலரும் பிற்காலத்தில் ஏறத்தாழப் பதினைந்து டொலர் இழப்பைத் தவிர்த்தது என்பதும் அவர்தம் கணிப்பு. அமெரிக்க வாக்காளரே இவ்வாறாயின், கிண்ணியாவின் வாக்காளரைமட்டும் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் நன்றி கிட்டாத ஒரு கடமையை ஓர் அரசு ஏன் செய்யவேண்டும் என்னும் வினா இங்கு எழுகின்றது. ஈகை நன்றியை எதிர்பார்க்கலாம். கடனைத் திருப்பிக் கொடுப்பவன் அதனை எதிர்பார்க்க வழியில்லை. முன்னாயத்தம் கடனின் இனத்தைச் சேர்ந்தது. அதனாற்றான் அது பின்னிற்கின்றது.

அலையின் பின் நாடு இதனை ஓரளவு உணர்ந்தது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அவ்வாண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. சனாதிபதியைத் தலைவராகவும் பிரதமரை உபதலைவராகவும் கொண்ட தேசிய பேரவை ஒன்றை அது நிறுவியது. எதிர்க்கட்சித் தலைவரும் மாகாண முதலமைச்சர்களும் அதில் இடம்பெற வேண்டுமென விதித்தது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. துன்பம் கட்சிக்குரியதன்று என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. பேரவையின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் கீழ் மாவட்டந்தோறும் ஒரு பிரிவு. காற்றையும் கடலலையையும் பற்றிய எச்சரிக்கை வளிமண்டலவியல் திணைக்களத்துக்குரியது. ஆற்று வெள்ளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது. மண்சரிவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குரியது. கரையோரமெங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட சுனாமி எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரில் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கப்பால் மீண்டும் பெருநடுக்கம் ஏற்பட்டபோது செய்தி வந்தது; கரையோர மக்கள் உள்நாடு நோக்கிச் சென்றனர். பேரலை வரவில்லை. வராத அலைக்காக மக்களை ஓடச்செய்தமை பிழையா? அன்று. ஓடியவர் இழந்தது ஒரு பிற்பகல். ஓடாதிருந்து அலை வந்திருப்பின் இழப்பது வேறு. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பொய்யெச்சரிக்கை என்று பேசுவது கணக்குப் பிழை. ஆயினும் மூன்றாவது, நான்காவது முறையும் அலை வராதுவிடின் மக்கள் ஓடுவரோ என்பதை எச்சரிக்கும் உத்தியோகத்தர் எண்ணிப்பார்க்கத்தான் வேண்டும். நம்பிக்கையும் செலவாகும் பொருளே.

சட்டத்தின் படிநிலை கொழும்பில் விரிந்து, மாவட்டத்திற் சுருங்கி, பிரதேச செயலகத்தில் மேலும் ஒடுங்கி, ஈற்றிற் கிராம உத்தியோகத்தர் என்னும் ஒரேயொருவரிடம் வந்து நிற்கின்றது. ஊர்மக்கள் இன்றும் பழைய வழக்கில் ‘விதானையார்’ என்றழைக்கும் அந்த மனிதரே அரசின் கடைசி விரல். அவரிடம் வாகனம் உண்டா, இரவில் அழைப்பை ஏற்பாரா, அவர் விடுமுறையிற் சென்றால் அவரிடத்தில் யார், செய்தி அவர் வாசிக்கும் மொழியிற்றான் வருகின்றதா என்பன சிறிய வினாக்களல்ல. தமிழ் ஆட்சிமொழியாதல் பற்றிய அரசியலமைப்பு ஏற்பாடுகள் அரங்குகளில் விவாதிக்கப்படுகின்றன. கிண்ணியாவிற் கரையோரம் படுத்துறங்கும் ஒருவருக்கு அவற்றின் முழுப்பொருளும் எச்சரிக்கைச் செய்தியின் முதல் வாக்கியத்தில் அடங்கிவிடும். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை அனுப்பியவரின் பதிவேட்டில் அனுப்பப்பட்டது. பெறுபவருக்கு அது இன்னுமொரு மௌனமே.

கடைசி விரலில் என்ன நேரலாம் என்பதைப் பெரலிய காட்டுகின்றது. அலையைப் பற்றிய முதற்செய்திகள் கிட்டியதும் மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்தோர் கரையோரப் பாதையிற் சென்றுகொண்டிருந்த எட்டுப் புகையிரதங்களை நிறுத்தினர். மாத்தறை செல்லும் ஒன்று மட்டும் எஞ்சியது. அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசி அடித்தது. ஊழியர் யாவரும் அந்தப் புகையிரதத்தையே வழியனுப்பும் வேலையில் மேடையில் நின்றமையால், அது புறப்பட்ட பின்னரே தொலைபேசியை எடுத்தனர். பெரலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். அங்கு சோம்பேறி எவருமில்லை. எல்லாரும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தனர். மணியடித்தால் எடுப்பது மட்டும் அந்நேரத்தில் எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் இரு மறுப்புகள் எழலாம். அரசு எதற்கு, மக்களின் நினைவே போதாதா என்பது முதலாவது. சுமாத்திராவை அடுத்த சிமெலுவே தீவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1907 இல் அங்கு நேர்ந்த கடல்கோளை அத்தீவார் ‘ஸ்மோங்’ என்னும் சொல்லாற் குறித்துத் தாலாட்டிலும் கதையிலும் பேணிவந்தனர். நிலம் கடுமையாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004 இல் நடுக்க மையத்துக்கு மிக அண்மையில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலைக்கு இரையானோர் ஒரு கைவிரல்களைச் சற்றே மிஞ்சினர். வியக்கத்தக்கதே. ஆனால் கிண்ணியாவில் நிலம் அதிரவில்லை. அதிர்ந்தது ஆயிரம் மைலுக்கு அப்பால். உடலால் உணரமுடியாத ஆபத்தைக் கருவியால் உணர்ந்து சொல்லும் கடமை ஊர்நினைவுக்கு எட்டாதது. நினைவும் தானே நிலைப்பதன்று. இன்று பல்கலைக்கழகம் புகும் மாணவருட் பலர் அலைக்குப் பின் பிறந்தவர்கள்.

இரண்டாவது மறுப்பு நம்பிக்கை சார்ந்தது. நேர்வதெல்லாம் இறைவன் விதித்தபடியே எனின் முன்னாயத்தம் எதற்கு? கிண்ணியாவின் பள்ளிவாசல்களில் அலைக்குப் பின்னர் இவ்வினா ஆறுதலாகவும் எழுந்தது, ஐயமாகவும் எழுந்தது. இஸ்லாமிய மரபிலேயே இதற்கு விடையுண்டு. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்புவதா, கட்டிவிட்டு நம்புவதா என்று வினவியவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு நபிகளார் பணித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. விதியை நம்புதல் இழந்தவனின் மனத்துக்கு மருந்தாகலாம். ஆள்பவன் அதனையே தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தல் ஆகாது. முஸ்லிம் பெரும்பான்மை நாடாகிய வங்காளதேசம் இதனைச் செய்துகாட்டியது. 1970 நவம்பர்ப் புயலில் அங்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பர். 1972 இற் புயல் முன்னாயத்தத் திட்டம் தொடங்கப்பட்டு, கிராமந்தோறும் தொண்டர்கள் குறிக்கப்பட்டனர். ஒலிபெருக்கியும் கொடியும் துவிச்சக்கர வண்டியுமே அவர்களின் கருவிகள். 1991 இல் மீண்டும் ஏறத்தாழ 138,000 பேர் மாண்டமை அப்பணியின் குறைகளைக் காட்டியது, புகலிடங்கள் பெருகின. 2007 இல் வந்த சிட்ர் புயலில் இறந்தோர் மூவாயிரத்துச் சில நூற்றுவர். அதுவும் பெரிய எண்ணிக்கையே. ஆனால் இலட்சங்களிலிருந்து ஆயிரங்களுக்கு இறங்கிய இவ்விறக்கத்திற் கடலின் கருணை எதுவுமில்லை.

பொறுப்பு என்பது யாருக்கு என்ற கேள்வியையும் உடன் கொண்டுவரும். கிண்ணியாவுக்கு இக்கேள்வி கசப்பானது. அலைக்குப் பின்னர் அரசு கடலோரத் தடைவலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கிழக்கில் அலை வலியது, தரை தாழ்ந்தது என்னும் நியாயம் இதற்கு உண்டு. ஆனால் ஒடுங்கிய கரையோரத்தில் நெருங்கி வாழும் மீனவருக்கு 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதி. தோணியைக் கரையில் விட்டு, வலையைக் கரையில் விட்டு, வீட்டை மட்டும் அப்பால் எடுத்துச் செல்லுமாறு கேட்கப்பட்டோரிடம் அதுபற்றி முன்னர் எவரும் கலந்து பேசவில்லை. காக்கும் பெயரால் ஒருவரின் வாழ்விடத்தை அகற்றும் அரசு, அவருக்குக் காரணம் கூறவும் மாற்றிடம் காட்டவும் கடமைப்பட்டது. இல்லையேற் காப்பதும் தண்டிப்பதும் ஒன்றுபோலவே அவருக்குத் தோன்றும். இவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. இடையிற் கூடாரங்களிற் கழிந்த மாதங்களை எவரும் திருப்பிக்கொடுக்கவில்லை.

பொதுக்கட்டமைப்பின் கதையும் இத்தகையதே. வடகிழக்கின் மீள்கட்டுமான நிதியைப் பங்கிட அரசும் விடுதலைப் புலிகளும் 2005 யூன் 24 ஆம் திகதி உடன்படிக்கை செய்தன. அதன் பிராந்தியக் குழுவிற் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு என இடங்கள் வகுக்கப்பட்டன. கிழக்கில் அலையால் மிகுதியும் பாதிக்கப்பட்டோருள் ஒருசாராராகிய முஸ்லிம்கள் கையொப்பமிடும் தரப்பாக அழைக்கப்படவில்லை. யூலை 15 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய ஏற்பாடுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது; பின்னர் அது எழவேயில்லை. எதிரிகளாக நின்ற இருவர் அழிவின் முன் ஒரு மேசையில் அமர முனைந்தது பெரிய செயல் என்பதை மறுத்தல் நேர்மையன்று. அம்மேசையில் மூன்றாமவருக்கு இடம் ஒதுக்கப்பட்டதேயன்றிக் குரல் ஒதுக்கப்படவில்லை என்பதை மறைத்தலும் நேர்மையன்று. பிறர் இருவர் பேசி ஒருவருக்கு வழங்கும் பங்கு எவ்வளவு நிறைவானதாயினும் நிவாரணத்தின் குணத்தையே கொண்டிருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டின் சரிவுகளில் மாண்டோர் பலர். மலையிற் பெய்த மழை மகாவலி வழியாக இறங்கிக் கழிமுகத்தை அண்டிய தாழ்நிலங்களையும் மூழ்கடித்தது. அலை ஒன்றரை மணி நேரமே தந்தது. ஆறு அதனிலும் கூடிய அவகாசம் தருவது. மேலே பெய்த மழையை அளந்தவர் கீழே வாழ்பவருக்கு வரப்போவதைச் சொல்லக்கூடியவர். அவ்வேளையிற் சனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தார். அது 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான பிரகடனம். அனர்த்த நிலையைப் பிரகடனஞ் செய்வதற்கென்றே 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்பாடு இருக்கையில், கலகத்தை அடக்க வகுக்கப்பட்ட பழைய சட்டத்தை அரசின் கை நாடியது ஏன் என்பதைச் சட்டத்துறை மாணவர் ஆராய்வது பயனுடைத்து.

பேரலையும் சூறாவளியும் அரியவை. கிண்ணியாவின் தண்ணீரோ அன்றாடமானது. திருகோணமலைக்கு நேர்வழியிற் செல்ல நெடுங்காலம் மிதப்புப்பாதையே துணையாயிருந்தது; 2009 ஒக்டோபரிற்றான் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஊரின் மறுபக்கத்தில், குறிஞ்சாக்கேணியில், பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதுப்பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மக்கள் தற்காலிக இழுவைப்பாதை ஒன்றில் ஏறி நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மூழ்கி இறந்தனர். அங்கு நிலம் அதிரவில்லை, புயல் வீசவில்லை, ஹவாயிலிருந்து வரவேண்டிய செய்தி எதுவுமில்லை. நாள்தோறும் அதில் ஏறியோர் அதன் நிலையை அறிந்திருந்தனர். அதனை அனுமதித்தது எந்த அலுவலகம், மேற்பார்வை செய்திருக்கவேண்டியது எது, எத்தனை பேரை ஏற்றலாம் என விதிக்கவேண்டியவர் யார் என்னும் வினாக்கள் விபத்தின் பின்னரே உரத்து எழுந்தன. சில நாட்களுள் கடற்படையினர் அவ்விடத்திற் படகுச் சேவை ஒன்றைத் தொடங்கினர். அக்கடற்படையின் தளம் அதற்கு முந்திய வாரத்திலும் அதே திருகோணமலைத் துறைமுகத்திற்றான் இருந்தது.